தபால்காரர் பதில்கள்: ஜெர்மனியில் இன்று எத்தனை ஐன்ஸ்டீன்கள்?

கேள்வி: விஞ்ஞானி ஐன்ஸ்டீனின் பெயரில் ஆல்பர்ட் என்பதுதான் அவருக்கு இட்ட பெயர், ஐன்ஸ்டீன் குடும்பப் பெயர் என்று மகன் சொல்கிறான். அப்படியானால் ஜெர்மனியில் ஐன்ஸ்டீன்கள் ஏராளமாக இருக்க வேண்டுமே? நீங்கள் அவர் பிறந்த உல்ம் நகரிலேயே தபால்காரராக இருந்தவர். எத்தனை ஐன்ஸ்டீன்களுக்குக் கடிதம் கொடுத்திருக்கிறீர்கள்? பெயருக்குப் பொருள் "ஒரு கல்" என்பது உண்மையா? (மட்டக்களப்பு வாசகர்)

பதில்: ஒருவருக்கும் கொடுத்ததில்லை. ஐன்ஸ்டீன் தெருவில் கடிதம் போட்டிருக்கிறேன். ஐன்ஸ்டீன் என்று எழுதிய பெட்டியில் போட்டதில்லை. எனக்கு ஒதுக்கிய பகுதிகள் பல முறை மாறின. எந்தப் பகுதியிலும் அந்தப் பெயர் கண்ணில் படவில்லை.

தபால்காரன் சொன்னால் போதுமா என்று கேட்பீர்கள். போதும். ஜெர்மனியில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு எண் கிடையாது. உறையின் மேல் குடும்பப் பெயர், தெரு, கட்டட எண், ஊர், அவ்வளவுதான். வாசலில் அழைப்பு மணிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பொத்தானுக்கும் பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குள் ஒரு காகிதத் துண்டு, அதில் குடும்பப் பெயர். நெடுங்காலம் குடியிருப்பவரின் பெயர் அச்செழுத்தில் இருக்கும். போன மாதம் குடிவந்தவரின் பெயர் பழைய பெயருக்கு மேலே ஒட்டிய பிளாஸ்திரியில், மழையில் கரைந்த பேனா எழுத்தில் இருக்கும். அங்கே பெயர் இல்லாவிட்டால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பும். 2018இல் வியன்னா மாநகராட்சி, தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, தன் 2,20,000 வாடகை வீடுகளின் மணிகளில் பெயரை எடுத்துவிட்டு எண் போட முடிவெடுத்தது. நாங்கள் தேநீர் இடைவேளையில் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை. பெயரை எடுத்துவிட்டால் தபால்காரனுக்கு ஊரே இருட்டு.

இனிப் பெயருக்கு வருகிறேன். ஜெர்மானியர் வாயில் அவர் ஐன்ஷ்டைன். "ஐன்" ஒன்று, "ஷ்டைன்" கல் என்பதால் "ஒரு கல்" என்ற விளக்கம் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. பெயராய்வு அகராதிகள் வேறு வழி காட்டுகின்றன. இடைக்கால ஜெர்மன் மொழியில் "ஐன்ஷ்டைனன்" என்று ஒரு வினைச்சொல் இருந்தது. ஓர் இடத்தைக் கல்லால் சுற்றி அடைப்பது என்று பொருள். அப்படிக் கல்லடைப்பு இருந்த இடம் அந்தப் பெயரைப் பெற்றது. அங்கிருந்து வந்தவரை அடுத்த ஊரார் அந்தப் பெயரால் அழைத்தார்கள். ஆக, இது ஊரை ஒட்டிய பெயர் வகை.

ஐன்ஸ்டீன் குடும்பம் யூதக் குடும்பம். ஜெர்மானிய யூதர்களின் குடும்பப் பெயர்கள் எல்லாமே அதிகாரிகள் வரிசையில் நிற்கவைத்துக் கொடுத்தவை என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. பாதி உண்மை. யூதர்களின் பழைய வழக்கம் ஏறக்குறைய நம்முடையதுதான்: தன் பெயர், அதோடு அப்பா பெயர். வரி வசூலிக்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் அது அரசாங்கங்களுக்கு வசதிப்படவில்லை. ஆஸ்திரியா 1787இல், பாடன் 1809இல், பிரஷ்யா 1812இல், பவேரியா 1813இல், உல்ம் இருக்கும் வூர்ட்டம்பேர்க் 1828இல் நிலையான குடும்பப் பெயரைக் கட்டாயமாக்கின. ஆனால் ஐன்ஸ்டீன் குடும்பம் அந்தச் சட்டங்களுக்காகக் காத்திருக்கவில்லை. போடன் ஏரிக்கரையில் உள்ள வாங்கன் என்ற ஊரிலிருந்து பாரூக் மோசே ஐன்ஸ்டீன் என்ற வணிகர் 1665இல் புக்காவ் என்ற சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். துணியும் குதிரையும் அவருடைய வியாபாரம். கட்டாயச் சட்டம் வருவதற்கு 163 ஆண்டுகள் முன்பே பெயர் வந்துவிட்டது.

ஏன் புக்காவ்? அங்கேதான் ஒரு பெயரின் புள்ளிவிவரம் தொடங்குகிறது. உல்ம் நகரம் 1499இல் யூதர்களை வெளியேற்றியது. வூர்ட்டம்பேர்க் ஆட்சியாளர்களும் அதே காலத்தில் கதவை அடைத்தார்கள். பெரிய ஊர்கள் மூடிய பிறகு, புக்காவ் போன்ற குட்டித் தன்னாட்சி நகரங்கள் பாதுகாப்பு வரி வாங்கிக்கொண்டு சில குடும்பங்களை இருக்க விட்டன. வேறெங்கும் போக முடியாத குடும்பம் ஒரே இடத்தில் பெருகத்தானே செய்யும்? 19ஆம் நூற்றாண்டின் நடுவில் புக்காவில் 700க்கும் மேற்பட்ட யூதர்கள் இருந்தார்கள், ஊரில் மூன்றில் ஒரு பங்கு. அவர்களில் ஐன்ஸ்டீன்கள் பெரும் கூட்டம். ஜெர்மனி முழுவதற்கும் அரிய பெயர், அந்த ஓர் ஊரில் மட்டும் மலிந்த பெயர்.

உல்மிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஃபெடர்ஸே என்ற ஏரி, சுற்றிலும் நாணல் காடு, ஏரி வரை நாணலுக்கு நடுவே ஒன்றரைக் கிலோமீட்டர் மரப்பாலம். சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் போனது யூதர் இடுகாட்டுக்கு. பழைய கற்களில் எபிரேய எழுத்து மட்டும். பிந்திய கற்களில் ஒரு பக்கம் எபிரேயம், மறு பக்கம் ஜெர்மன். மணற்கல்லில் பாசி ஏறி எழுத்து உதிர்ந்திருக்கிறது. ஆனாலும் தபால்காரன் கண்ணுக்குக் குடும்பப் பெயர் தப்பாது. ஐன்ஸ்டீன், அடுத்த வரிசையில் ஐன்ஸ்டீன், மறுபடி ஐன்ஸ்டீன். வேலை நாட்களில் ஒரு கதவிலும் காணாத பெயரை அங்கேதான் வரிசையாகப் பார்த்தேன்.

1864இல் வூர்ட்டம்பேர்க் யூதர்களுக்குச் சம உரிமை கொடுத்தது. விரும்பிய ஊரில் வாழலாம் என்றானதும் புக்காவின் இளைஞர்கள் உல்ம், ஷ்டுட்கார்ட், மியூனிக் என்று கிளம்பினார்கள். ஆல்பர்ட்டின் அப்பா ஹெர்மன் 1847இல் புக்காவில் பிறந்தவர். உல்மில் இறகு மெத்தை வியாபாரத்தில் பங்குதாரராக இருந்தார். 1879 மார்ச் 14இல் பான்ஹோஃப் தெருவில் மகன் பிறந்தான். அடுத்த ஆண்டே குடும்பம் மியூனிக் போய்விட்டது. உல்ம் எவ்வளவுதான் உரிமை கொண்டாடினாலும் குழந்தை இங்கே இருந்தது பதினைந்து மாதங்கள்தான். அந்த வீடும் 1944 டிசம்பர் குண்டுவீச்சில் போய்விட்டது.

மற்றது உங்களுக்குத் தெரிந்த வரலாறு, ஆனால் ஒரு குடும்பப் பெயரின் கணக்காக அதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு முடிந்தவர்கள் கப்பலேறினார்கள். 1938 நவம்பரில் புக்காவின் யூதர் தொழுகைக்கூடம் அழிக்கப்பட்டது. கிறிஸ்தவத் தேவாலயம்போல மணி வைத்திருந்த அபூர்வமான தொழுகைக்கூடம் அது. 1939 ஜனவரி முதல் யூத ஆண்கள் "இஸ்ரேல்" என்றும் பெண்கள் "சாரா" என்றும் தங்கள் பெயரோடு சேர்த்து எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. 1941 டிசம்பர் 1இல் ஷ்டுட்கார்ட்டிலிருந்து சுமார் ஆயிரம் யூதர்களை நாடுகடத்தி ஏற்றிக்கொண்டு லாட்வியாவின் ரீகா நகருக்கு ஒரு ரயில் போனது. அதற்குப் பிறகும் ரயில்கள் போயின. புக்காவுக்குத் திரும்பி வந்தவர்களில் சீக்பெர்ட் ஐன்ஸ்டீன் ஒருவர். தெரேசியன்ஷ்டாட் முகாமிலிருந்து உயிரோடு மீண்டு, அதே ஊரில் துணை மேயராகவும் இருந்தார். 1968இல் அவர் இறந்தார். புக்காவின் கடைசி யூதர் அவர்தான். 1665இல் வந்த பெயர் அவரோடு அந்த ஊரில் முடிந்தது.

இன்று நாடு முழுவதும் தேடித் திரட்டினாலும் ஐன்ஸ்டீன்களைக் கொண்டு தொலைபேசிப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை நிரப்ப முடியாது.

கேள்வி: உல்மில் ஐன்ஸ்டீன் தெருவுக்கு எப்போது பெயர் வைத்தார்கள்? அவரே பார்த்தாரா? (திருச்சி வாசகர்)

பதில்: 1922இல் வைத்தார்கள், நோபல் பரிசு கையோடு. 1933இல் பெயரை எடுத்துவிட்டு ஃபிக்டே என்ற தத்துவவாதியின் பெயரைப் போட்டார்கள். 1945இல் போர் முடிந்ததும் மறுபடி ஐன்ஸ்டீன். செய்தி அமெரிக்காவுக்குப் போனது. அவர் எழுதிய பதில் உல்மில் எல்லோருக்கும் மனப்பாடம்: நடுநிலையாக "காற்றாடித் தெரு" என்று வைத்திருக்கலாம், ஜெர்மானியரின் அரசியல் குணத்துக்கும் பொருந்தும், ஆட்சி மாறும்போது பலகையையும் மாற்ற வேண்டியிருக்காது என்ற கருத்தில் எழுதியிருந்தார். காற்று வீசும் பக்கம் திரும்பும் கூரைத் தகட்டைத்தான் சொன்னார். 1949இல் நகரம் கௌரவக் குடியுரிமை கொடுக்க முன்வந்தபோது வேண்டாம் என்றுவிட்டார். கோபித்துக்கொள்ள ஊருக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேள்வி: ஐன்ஸ்டீனின் இரண்டாம் மனைவி எல்சா திருமணத்துக்கு முன்பே எல்சா ஐன்ஸ்டீன்தான் என்று படித்தேன். அச்சுப்பிழையா? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: அச்சுப்பிழை இல்லை. எல்சா பிறந்தபோதே ஐன்ஸ்டீன். முதல் கணவர் லோவென்தால் என்பதால் எல்சா லோவென்தால் ஆனார். 1908இல் மணமுறிவு, இரண்டு மகள்களையும் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுப் பெயருக்கே திரும்பினார். 1919இல் ஆல்பர்ட்டை மணந்தார். கணவர் பெயரை ஏற்றுக்கொண்டு, இருந்தபடியே இருந்தார்.

உறவுமுறையைச் சொன்னால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எழுந்து நின்றுவிடுவார்கள். எல்சாவின் அம்மா ஃபேனியும் ஆல்பர்ட்டின் அம்மா பவுலினாவும் கூடப் பிறந்தவர்கள், ஃபேனி மூத்தவர். எல்சா ஆல்பர்ட்டைவிட மூன்று வயது பெரியவர். நம் கணக்கில் பெரியம்மா மகள், அக்கா முறை. அதோடு விட்டதா? இருவருடைய அப்பாக்களும் அண்ணன் தம்பி பிள்ளைகள், அதாவது பங்காளிகள். எந்தப் பக்கம் திரும்பினாலும் நம் ஊரில் தாலி கட்ட முடியாது. ஐரோப்பாவில் தாய்வழி, தந்தைவழி என்று முறை பிரிப்பதில்லை, எல்லோரும் "கசின்"தான்.

ஒரு துணுக்கு: அந்த அம்மாக்களின் பிறந்த வீட்டுப் பெயர் கோஹ். அவர்களுடைய அப்பா பிறந்தபோது அவர் பெயர் டோர்ட்ஸ்பாஹர், டோர்ட்ஸ்பாஹ் ஊர்க்காரர் என்று அர்த்தம். 1842இல் அதை விட்டுவிட்டு "சமையல்காரர்" என்று பொருள்படும் கோஹ் என்ற பெயரை எடுத்துக்கொண்டார். கோஹ் ஜெர்மனியின் மிகப் பரவலான பெயர்களில் ஒன்று. கூட்டத்தில் கலந்துகொள்ள அதைவிட நல்ல பெயர் கிடைக்காது.

கேள்வி: எந்தக் குடும்பப் பெயர் அரியது, எது மலிந்தது என்று எப்படி எண்ணுகிறார்கள்? மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலா? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: தொலைபேசிப் புத்தகத்தில். ஜெர்மன் குடும்பப் பெயர் வரைபடத் தொகுதி என்று ஒரு பெருநூல் 2009 முதல் பல பாகங்களாக வெளிவந்தது. அதற்கு அடிப்படை, டாய்ச்செ டெலிகாம் நிறுவனத்தின் 2005ஆம் ஆண்டு வீட்டுத் தொலைபேசி இணைப்புப் பட்டியல். சுமார் 2 கோடியே 80 லட்சம் இணைப்புகள், அவற்றில் ஏறக்குறைய எட்டரை லட்சம் வெவ்வேறு பெயர்கள். ஏன் பழைய பட்டியல் என்கிறீர்களா? அதன் பிறகு எல்லோரும் கைபேசிக்கு மாறிவிட்டார்கள், பட்டியல் இளைத்துவிட்டது. ஓர் இணைப்புக்கு மூன்று பேருக்குச் சற்றுக் குறைவு என்று பெருக்கிக்கொண்டால் ஆட்களின் எண்ணிக்கை தோராயமாக வரும்.

உச்சியில் இருப்பவை எல்லாம் தொழில் பெயர்கள்: முல்லர் மாவு அரைப்பவர், ஷ்மிட் கொல்லர், ஷ்னைடர் தையல்காரர், ஃபிஷர் மீனவர். ஊருக்கு ஊர் மாவு ஆலை இருந்ததால் ஊருக்கு ஊர் முல்லர் தனித்தனியே முளைத்தார். இரண்டு முல்லர்கள் உறவினராக இருக்க வேண்டியதில்லை. அரிய பெயர் அப்படியல்ல. பெரும்பாலும் ஒரே வேர். வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தால் அறுநூறு ஆண்டுகளுக்குப் பிறகும் புள்ளிகள் பிறந்த ஊரைச் சுற்றியே மொய்க்கும். பெயராய்வாளர்களுக்கு அதனால் முல்லரைவிட அரிய பெயரில்தான் ருசி.

அரிய பெயர் மேலும் அரிதாவதற்குக் கொலையும் ரயிலும் தேவையில்லை, பெண் குழந்தைகள் மட்டும் பிறந்தாலே போதும். 1976 வரை திருமணமானால் கணவன் பெயர் என்பது மேற்கு ஜெர்மனியில் சட்டம். மனைவி பெயரையும் தேர்ந்தெடுக்கலாம் என்று அந்த ஆண்டு திருத்தினார்கள். அவரவர் பெயரோடு இருக்கலாம் என்றானது 1990களில். 2025 மே முதல் இருவரும் இரட்டைப் பெயர் வைத்துக்கொள்ளலாம். ஓய்வு பெற்ற பிறகு வந்தது என் அதிர்ஷ்டம். இரண்டு விரல் நீளப் பெயர்களை ஒரு விரல் நீளக் காகிதத்தில் எழுதினால் எந்தத் தபால்காரன் படிப்பான்?

பெயரை விட்டு ஓடுகிறவர்களும் உண்டு. ஹாரி ஐன்ஸ்டீன் என்ற அமெரிக்க நகைச்சுவை நடிகர் 1947இல் பிறந்த மகனுக்கு ஆல்பர்ட் என்று பெயர் வைத்தார். அந்தப் பிள்ளை வளர்ந்து நடிகனானதும் ஐன்ஸ்டீனைக் கழற்றிவிட்டு ஆல்பர்ட் புரூக்ஸ் ஆனார். அண்ணன் பாப் ஐன்ஸ்டீன் மாற்றவில்லை. அவருக்கு முதல் பெயர் தொல்லை தரவில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்துத் தரங்கம்பாடியில் சீகன்பால்கு ஐயரின் கல்லறை இருக்கிறது. அவருடைய பெயர் ஜெர்மனியில் இன்னும் இருக்கிறதா? (பொறையாறு வாசகர்)

பதில்: இருக்கிறது, அரிதாக. சாக்சனி மாநிலத்தின் கிழக்கு மூலையைச் சுற்றியே அதிகம் காணலாம். அவர் 1682இல் பிறந்த புல்ஸ்னிட்ஸ் என்ற சிற்றூரும் அங்கேதான். மிளகு அப்பம் என்று பொருள்படும் ஒரு வாசனைத் தின்பண்டத்துக்கு இன்றும் பேர்போன ஊர். மேலே சொன்னேனே, அரிய பெயர் வீட்டைவிட்டு நகராது என்று. நகர்ந்தவர் ஒருவர் நேராகத் தரங்கம்பாடிக்கே வந்துவிட்டார். 1706 ஜூலையில் கரையிறங்கி, தமிழ் கற்று, தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715இல் அச்சிட்டு முடித்து, 1719இல் 36 வயதில் இறந்தார்.

பெயரைப் பிரித்தால் "சீகன்" ஆடு, "பால்க்" உரித்த தோல். ஆட்டுத்தோல் பதனிடுபவருக்கோ விற்பவருக்கோ ஊரார் வைத்த பட்டப்பெயராக இருந்திருக்கும். நீங்கள் சேர்த்த "ஐயர்" இதை அறியாது.

கேள்வி: என் பேரனுக்கு ஐன்ஸ்டீன் என்றுதான் பெயர். எங்கள் தெருவில் எடிசனும் நியூட்டனும் உண்டு. அவன் ஜெர்மனிக்குப் படிக்க வந்தால் பெயரால் சிக்கல் வருமா? (நாகர்கோவில் வாசகி)

பதில்: வரும், ஆனால் பயப்படும்படியாக அல்ல. ஜெர்மனியில் பிறந்த குழந்தைக்கு ஐன்ஸ்டீன் என்று முதல் பெயர் வைக்கப் பதிவாளரிடம் போனால், அது குடும்பப் பெயர், வேறு கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்ப வாய்ப்பு அதிகம். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் இருப்பதை அவர்கள் மறுக்க முடியாது. சிக்கல் வேறிடத்தில். நம்மவர் பலரின் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். இங்கே எந்தப் படிவமும் அந்தக் கட்டம் காலியாக இருந்தால் நகராது.

நான் வந்த காலத்தில் அலுவலக அம்மையார் ஒருவர் என் பெயரையும் அப்பா பெயரையும் பார்த்துவிட்டு, இரண்டாவது நீளமாக இருக்கிறது, அதுவே குடும்பப் பெயர் என்று முடிவுகட்டினார். அப்பா வடமராட்சியைத் தாண்டி வவுனியாவுக்குக்கூட விருப்பத்தோடு போனவர் அல்லர். அவர் பெயர் என் மகனுக்குப் போய், மருமகளுக்குப் போய், இப்போது பேரப்பிள்ளைகளின் பள்ளிப் பையிலும் எழுதியிருக்கிறது. உல்ம் தொலைபேசிப் புத்தகத்தில் அந்தப் பெயரில் ஒரே ஒரு வரி, அது நாங்கள். பெயராய்வாளர் யாராவது வேர் தேடி வந்தால் பருத்தித்துறைக்கு அனுப்பிவைப்பேன்.

ஆகவே பேரனுக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போதே குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிடுங்கள். மறதியாக ஐன்ஸ்டீனை அங்கே எழுதிவிடாதீர்கள். எழுதினால் வங்கி முதல் பல் வைத்தியர் வரை எல்லோரும் "உறவா?" என்று கேட்பார்கள். உல்மில் கேட்டால், பதில் வரும்வரை வரிசையை நகர விடமாட்டார்கள்.